நாற்பது நிமிடத் தாமதம்

மாவு பதமாகிவிட்டதா இல்லையா என்று மூக்கால் பார்த்துச் சொல்வதற்கு ஒரு வேலை, அதற்கொரு சம்பளம் உண்டென்றால் கோயம்புத்தூரிலேயே பலர் நம்ப மாட்டார்கள். சாந்தாமணிக்குப் பதினோரு வருடமாக அந்தச் சம்பளம்தான் வந்துகொண்டிருக்கிறது. தொண்டாமுத்தூர் ரோட்டில் மனோஜ்குமார் நடத்தும் இட்லி மாவுக் கம்பெனியில் தினமும் இருபது டிரம் மாவு. விடியற்காலை ஐந்துக்கு ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து மூடினால் சாயங்காலத்துக்குள் பொங்கிவிடும். பொங்குகிற மாவு புளிப்பதற்குச் சற்று முன்னால் குளிர் அறைக்குள் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் மறுநாள் காலையில் கல்யாண மண்டபத்திலும் காலேஜ் ஹாஸ்டலிலும் இட்லி பஞ்சாக வரும். அந்தச் 'சற்று முன்' எப்போது என்று சொல்வதுதான் அவள் வேலை. டிரம் மூடியில் இருக்கும் துளையில் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பாள். "ஆச்சுங்க" என்பாள். அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். நாலு வருடமாக அவளுக்கு எந்த வாசனையும் தெரியாது.

ஊரடங்குக் காலத்தில் அவளும் புருஷன் செங்கோட்டையனும் ஒரே நாளில் காய்ச்சலில் படுத்தார்கள். அவன் இதே கம்பெனியில் மாவு வண்டி ஓட்டியவன். இரண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு மாடியில் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். அவனை எங்கே எரித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். நாலு வரித் தாள்தான், ஆனால் அதைப் படிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இந்தப் பக்கத்தில் ஒரு சாவு என்றால் பத்து வருடம் பேசாத பங்காளிகூட வந்து உட்கார்ந்து, "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும். கேட்பவருக்கெல்லாம் சொல்ல வேண்டும். முதல் ஆளிடம் சொல்லும்போது வாய் கோணும், நாற்பதாவது ஆளிடம் சொல்லும்போது அது சுமந்துகொண்டு போகக்கூடிய ஒரு கதையாகியிருக்கும். துக்கம் கேட்பது என்ற வழக்கத்தில் இருக்கிற புத்திசாலித்தனம் அதுதான். சாந்தாமணி வீட்டுக்கு யாரும் வரவில்லை. வரக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிறு அவிழ்ந்தபோது மூன்று மாதம் போயிருந்தது. ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்று ஊர் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. ஆறியதா என்று யாரும் பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. அவனுடைய காக்கிச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். டீசலும் வெற்றிலையும் மணக்கிற சட்டை. ஒன்றும் வரவில்லை. துணி மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. டாக்டர், சிலருக்கு வாசனை திரும்பி வரும், மாதாமாதம் வந்து காட்டுங்கள் என்றார். அவள் இரண்டாவது தடவை போகவில்லை. வாசனை திரும்பினால் கூடவே எதெல்லாம் திரும்பி வருமோ என்று பயமாக இருந்தது. அதற்கு இப்படியே மரத்துப்போய்க் கிடக்கலாம் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆனால் வேலை இருக்கிறதே. மூக்கு போன கதையைச் சொன்னால் அந்த வேலையில் என்ன மிச்சம்? அதனால் சொல்லவில்லை. பழக்கப்படி துளையில் மூக்கை வைப்பாள், மூச்சிழுப்பாள், ஓரக்கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். வெயில் காலத்தில் பகல் இரண்டரை மணி, பனிக் காலத்தில் மூன்றரை, மழை நாளில் இரண்டுக்கும் நடுவே. அதிலும் கொஞ்சம் முன்னாடியேதான் சொல்வாள். மாவு புளித்துப்போனால் ஊரே சொல்லும், கொஞ்சம் இளசாக இருந்தால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு நாலு வருடமாகத் தப்பவில்லை. ஒரு புகார் கிடையாது. தனக்கே தெரியாமல் கைக்கோ கண்ணுக்கோ பதம் பிடிபட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். கம்பெனியில் கோளாறு என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். குளிர் அறையின் கம்ப்ரசர். அவள் "ஆச்சுங்க" என்று சொன்னதும் மனோஜ்குமார் தலையைச் சொறிந்துகொண்டு, கம்ப்ரசர் இன்னும் குளிர் பிடிக்கவில்லை, ஒரு நாற்பது நிமிடம் ஆகட்டும் என்பான். தினமும் இதே பாட்டு. கிரைண்டர் கல்லைக்கூட மூன்று மாதத்துக்கொரு தடவை கொத்திப் புதிதாக்குகிறவன், இந்த ஓட்டை கம்ப்ரசரை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அந்த நாட்களில் அவளுக்கு எதுவும் விளங்க வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் ரிஃபானா வந்தாள். உக்கடத்துப் பெண், இருபத்துநாலு வயது, சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிகள் இருபது கொண்டுவந்து, டிரம் மூடிக்கு ஒன்றாக உள்பக்கம் திருகினாள். மாவு பொங்கும்போது வருகிற கரியமில வாயுவையும் சாராய ஆவியையும் புளிப்பு ஆவியையும் அந்தப் பெட்டி மோந்து பார்க்குமாம். ஒயர் கிடையாது. மோந்ததை அப்படியே காற்றில் அனுப்ப, ரிஃபானா கையிலிருந்த டேப்லெட்டில் டிரம்முக்கு ஒரு கோடாக ஏறும்.

பெட்டிக்கு மோக்கத்தான் தெரியுமே தவிர, எது பதம் என்று தெரியாது. அதை யாராவது சொல்லித்தர வேண்டும். திரையில் 'பதம்' என்று ஒரு பச்சைப் பொத்தான் வைத்து, மூக்கு எப்போது சொல்கிறதோ அப்போது இதை அமுக்கினால் போதும் என்று சாந்தாமணியிடம் கொடுத்தாள். அவள் அமுக்க அமுக்க மெஷின் கற்றுக்கொள்ளும், ஒரு வருடம் போனால் அவளைப் போலவே அதுவும் சொல்லும். இதைக் கேட்டபோது, மூக்கு போன கதை வெளியே தெரிந்துவிடுமோ என்று சாந்தாமணிக்கு ஒரு நிமிடம் பயம் தட்டியது. மறுநிமிடம் அதுவும் அடங்கிப்போயிற்று. கடிகாரத்தைப் பார்த்தாள், பொத்தானை அமுக்கினாள். பதினாலு மாதம் அமுக்கினாள்.

மெஷின் நல்ல மாணவன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை அக்கா சொல்கிற நேரத்தையே சொல்கிறது என்று ரிஃபானா துள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். மனோஜ்குமார் அதைப் பார்த்து ஏனோ பெரிதாகச் சிரிக்கவில்லை. ஆனாலும் பெருந்துறையில் புதிதாகத் திறந்த இரண்டாவது யூனிட்டில் மூக்குக்கு ஆள் போடாமல், மெஷினையே வைத்துவிட்டான். அங்கே எல்லாம் புதுசு. மெஷின் 'பதம்' என்று காட்டிய மறுநிமிடம் டிரம் குளிர் அறைக்குள் போய்விடும்.

முதல் பெரிய ஆர்டர் கொடுமுடியில் ஒரு கல்யாணம். நானூறு பேருக்குக் காலை டிபன். மறுநாள் பெண்ணின் மாமா கம்பெனிக்கே நேரில் வந்தார். காபி வாங்கிக் குடித்தார். மழை விசாரித்தார். மஞ்சள் விலை விசாரித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "குத்தமா ஒண்ணும் சொல்லலீங்க. இட்லிதான் கொஞ்சம் கெட்டியா இருந்துச்சுங்க. சாம்பார்ல போட்டா நேரா அடிக்குப் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அதற்கடுத்த நான்கு நாட்களில் இன்னும் மூன்று இடத்திலிருந்து இதே மரியாதையோடு இதே சேதி வந்தது.

ரிஃபானாவின் கம்பெனி அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. பெட்டிகளைக் கழற்றிக் கொண்டுவா, எங்கே தப்பு என்று எழுதிக் கொடு, அதோடு உன் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது. அவள் இரண்டு ராத்திரி தூங்காமல் கோடுகளைப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஆபீஸ் அறையில் மனோஜ்குமாரையும் சாந்தாமணியையும் உட்காரவைத்து டேப்லெட்டைக் காட்டினாள். இங்கே அக்கா அமுக்கிய பிறகும் நாற்பது நிமிடம் கோடு ஏறிக்கொண்டே போகிறது. அந்த நாற்பது நிமிடத்தில்தான் மாவு உண்மையில் பதமாகிறது. பெருந்துறையில் அந்த நாற்பது நிமிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

"கம்ப்ரசர் லேட்டுன்னு அக்காவுக்குத் தெரியும். அதனால அந்த லேட்டையும் மனசுல கணக்குப் போட்டு முன்னாடியே அமுக்கியிருக்காங்க. என்னா மூக்குங்க அது. நான்தான் கம்ப்ரசரப் பத்திக் கேக்கவே இல்ல. தப்பு என்னோடதுங்க, அப்படியே எழுதிக் குடுத்தர்றேன்" என்றாள் ரிஃபானா.

மனோஜ்குமார் அவசர அவசரமாக, "ஆமாங்க, அதேதானுங்க" என்றான்.

சாந்தாமணி வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் மூக்குக்கு இதைவிடப் பெரிய மாலை யாரும் போட முடியாது, அதற்கு விலையாக ஒரு சின்னப் பெண்ணின் வேலை போகிறது. இரண்டும் தெளிவாகத் தெரிந்தும் உள்ளே எதுவும் அசையவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வீட்டுக்குப் போனாள், சோறு வடித்தாள், சாப்பிட்டாள், டிவியில் ஏதோ ஓடியது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை.

படுத்த பிறகு ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ரிஃபானா சொன்னதுபோல் அவள் கம்ப்ரசரைக் கணக்கில் வைத்ததே இல்லை. கடிகாரத்தைப் பார்த்து, பயத்தில் முன்னாடி சொன்னாள். ஓட்டை கம்ப்ரசர் ஒன்று, சொல்லிவைத்தாற்போல் தினமும் அவளுடைய தப்புக்குச் சரியாக நாற்பது நிமிடம் தாமதித்திருக்கிறது. வெயிலிலும் பனியிலும், நாலு வருடம். அவ்வளவு ஒழுங்காக எந்த இயந்திரம் கெட்டுப்போகும்?

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, "ஆச்சுங்க" சொல்ல இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, அவள் குளிர் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். பதினோரு வருடத்தில் அந்தக் கதவை அவள் திறந்ததில்லை, அது தள்ளுவண்டிக்காரர்களின் வேலை. கதவு திறந்ததும் வெள்ளைப் புகையாகக் குளிர் வந்து முகத்தில் மோதியது. உள்ளே மீட்டரில் மூன்று டிகிரி. சுவரோரக் குளிர்க் குழாய்களில் உறைபனி ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. காலையிலிருந்து ஓடுகிற அறை. நாலு வருடமாகக் காலையிலிருந்தே ஓடுகிற அறை.

எவ்வளவு நேரம் நின்றாளோ. கை மரத்துப்போயிருந்தது. பின்னால் மனோஜ்குமார் வந்து நின்றதைச் செருப்புச் சத்தத்தில் கண்டுகொண்டாள்.

"எப்பத் தம்பி கண்டுபுடிச்சீங்க?" என்று திரும்பாமல் கேட்டாள்.

அவன் சொன்னான். அவள் வேலைக்குத் திரும்பிய முதல் மாதமே தெரியுமாம். உளுந்து மூட்டைக்குப் பின்னால் எலி செத்து, எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியபோது, அவள் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறாள். பார்த்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் "ஆச்சுங்க" என்ற பிறகு அவனே போய் ஒவ்வொரு மூடியாக மோந்து பார்ப்பான். பார்க்கிற நேரத்துக்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா, அதற்குத்தான் கம்ப்ரசர். மெஷின் அவளிடம் கற்றுக்கொள்கிறது என்றபோது அவனுக்குத் திக்கென்றதாம். ஆனால் அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லையாம். பெருந்துறையில் எப்படியாவது சரியாகிவிடும் என்று விட்டுவிட்டானாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. செங்கோட்டையண்ணன் போனதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேக்க வாய் வரலீங்க."

சாந்தாமணி திரும்பினாள். அவன் சொன்ன மற்றதெல்லாம் காதில் விழுந்து எங்கோ போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. நாலு வருடத்தில் இன்னொருவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்பது இதுதான் முதல் தடவை. புருஷன் ஓட்டிய வண்டியிலேயே மாவு போகிறது, அவன் மாட்டிய முருகன் படம் அதில் இன்னும் தொங்குகிறது, ஆனால் அவள் வருவது தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டே, நாலு வருடமாக அவளைச் சுற்றி நுனிக்காலில் நடந்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது. இரண்டும் வெகுதூரத்திலிருந்து வந்ததால் மெதுவாக வந்து சேர்ந்தன.

மனோஜ்குமாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெயிலில் நின்ற வண்டிப் பக்கம் போய்விட்டான்.

மாவு அறையில் ரிஃபானா மூடிகளிலிருந்து பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு கழற்றியாகிவிட்டது. டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தாள். சாந்தாமணி ஒரு காலிச் சாக்கை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணு, அந்தக் காயிதத்த எழுதாதீங்க. தப்பு உங்களுது இல்ல. எனக்கு வாசமே தெரியாதுங்க. மணியப் பாத்துத்தான் அமுக்கிப்போட்டேன். அத்தனையும்."

ரிஃபானா திருப்புளியோடு அப்படியே நின்றாள். இந்தக் கம்பெனிக்காரர்கள் யாராக இருந்தாலும் இப்போது, பரவாயில்லைங்க என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பார்கள். அவளுக்கு அந்த நாசூக்கு வரவில்லை, அல்லது அவள் இன்ஜினியர், கோடு எங்கே திரும்பியது என்று தெரிந்தாக வேண்டும். எத்தனை நாளாக என்று கேட்டாள். நாலு வருடம் என்றாள் சாந்தாமணி. அப்படியென்றால் பதினாலு மாதமும் வீண்தான், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ரிஃபானா தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள். அவள் குரலில் கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. பிறகு திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நாலு வருசம் முன்னாடி என்னக்கா ஆச்சு?"

"அவருக்கும் எனக்கும் ஒரே நாள்ல காய்ச்சல் வந்துச்சுங்க. அவரு வரலீங்க."

"எப்படிக்கா ஆச்சு?"

நாலு வருடம் தாமதமாக, அதுவும் வேற்றுக் கம்பெனிப் பெண் ஒருத்தி மாவு அறைத் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். சாந்தாமணி ஆம்புலன்ஸிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளே இடம் போதாமல் அவன் முட்டி இவள் முட்டியில் இடித்துக்கொண்டே வந்ததைச் சொன்னாள். லிப்ட் இரண்டாம் மாடியில் நின்றபோது அவன், "வண்டிச் சாவி ஆணில இருக்குது" என்று சொன்னதையும், அதுதான் கடைசிப் பேச்சு என்பதையும் சொன்னாள். தாளில் எரித்த இடத்தின் பெயரை யாரோ பிழையாக எழுதியிருந்ததைச் சொன்னாள். சட்டையைச் சொன்னாள். வாய் கோணியது, நிறுத்தினாள், திரும்ப ஆரம்பித்தாள். ரிஃபானா இடையிடையே கேட்டாள், அப்புறம் என்றாள், அழவில்லையா என்று கூடக் கேட்டாள். மணி மூன்றானது. நாலரை ஆனது. கடிகாரம் அவள் தலைக்கு நேர் மேலே ஓடியது, அவள் பார்க்கவில்லை. கழற்றிய பெட்டிகளும் டேப்லெட்டும் பைக்குள் கிடந்தன. வண்டி தள்ளும் ஆட்கள் இருவர் வாசலில் நின்றார்கள். அக்கா ஆச்சுங்க என்று சொல்லாமல் அவர்கள் ஒரு டிரம்மையும் தொட மாட்டார்கள், அழுதுகொண்டிருக்கும் பெண்பிள்ளையிடம் போய்க் கேட்கவும் மாட்டார்கள்.

ஆமாம், அழுதுகொண்டுதான் இருந்தாள். எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது.

முதலில் ஏழாம் டிரம்தான் மூடியைத் தூக்கியது. மாவு நுரையாக விளிம்பு தாண்டி எவர்சில்வரில் வழிந்து தரைக்கு வந்தது. அடுத்து பதிமூன்று, அதற்கடுத்து வரிசையாக மூன்று. சாந்தாமணி தன் காலருகே ஈரம் பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தாள். அறை முழுக்கப் புளித்த வாடை அடித்திருக்கும். ரிஃபானா முகம் சுளித்ததிலிருந்து அது தெரிந்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. வாசனையும் அழுகையும் சேர்ந்துதான் திரும்பும் என்று பயந்திருந்தாளே, அதுவும் பொய். அழுகை வந்தது, வாசனை திரும்பவில்லை.

சத்தம் கேட்டு மனோஜ்குமார் உள்ளே வந்தான். இருபது டிரம்மையும் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கை பழக்கப்படி தலையைச் சொறியப் போனது. ஏதாவது ஒரு கம்ப்ரசரைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தேட விடக்கூடாது என்று அவன் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கை பாதியில் இறங்கியது.

"அக்கா, மாவு புளிச்சுப்போச்சுங்க" என்றான்.

நாலு வருடத்தில் அந்தக் கம்பெனியில் மாவைப் பற்றி ஒருவர் அவளிடம் சொன்ன முதல் நிஜம் அது. சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியாங்க தம்பி" என்று எழுந்து, தரையைக் கழுவ வாளியை எடுக்கப் போனாள்.